புதுப்பேட்டையில் ஒரு ஜோடிப் பொருத்தம்

அப்பாவின் பழைய அம்பாஸடர் பின்பக்கம் 'ஊ...' என்று அழ ஆரம்பித்தது. "கிரவுன் பினியன் போச்சு சார்!" என்றார் மெக்கானிக். அம்பாஸடர் தயாரிப்பே 2014-ல் நின்றுவிட்டதே! எழும்பூர் பக்கத்தில், கூவம் ஓரத்துப் புதுப்பேட்டைக்கு ஓடினேன். கடைக்குக் கடை கதவு, பம்பர், கியர்பாக்ஸ் என்று கார்களைக் கூறுபோட்டு அடுக்கியிருந்தார்கள்.

"பினியன் மட்டும் போதுமே பாய்?"

"ரெண்டும் சேர்ந்தே தேய்ஞ்சது சார். ஜோடி மாறினா சீக்கிரமே பல்லு போயிடும்!"

ஜோடி 5,000 ரூபாய். பேரிங், ஆயில் சீல், ஆயில், மெக்கானிக் கூலி இன்னொரு 4,000.

"பேசாம வண்டியையே குடுத்துடுங்க. 30,000 தரேன்!"

சபலம்தான். எதிரே பாதி அறுத்த அம்பாஸடர் ஒன்று, பின்ஸீட் இல்லாமல் நின்றது. நான் பிறந்து வீட்டுக்கு வந்ததே அப்படியொரு பின்ஸீட்டில்தான்! பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் வண்டி அழுவதில்லை. மாசக் கடைசியில் நான்தான்!