எங்கள் வீட்டு வெள்ளைக் கல்

எங்கள் ஊர் பெரணமல்லூர். கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஆரணிப் பட்டு நெய்யும் வீடுகள், தறிச் சத்தம், சுற்றிலும் நெல்வயல், அவ்வளவுதான். ஆனாலும் எங்கள் வீட்டு ஷோகேஸில் கடலின் ஒரு துண்டு இருக்கிறது. 1998ல் ராமேஸ்வரம் போன தாத்தா, தீர்த்தச் சொம்போடு வாங்கி வந்த வெள்ளைக் கல். மான் கொம்பு மாதிரி கிளை கிளையாக இருக்கும்.

போன போகிக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அதைத் துடைக்கும் வேலை எனக்கு. சித்தப்பா பையன் கேட்டான், "அண்ணா, இந்தக் கல்லுல ஏன் இவ்ளோ ஓட்டை?" பதில் தெரியவில்லை. பி.காம். படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை, தேடிப் படித்தேன்.

அது கல்லே இல்லை நண்பர்களே! அக்ரோபோரா என்கிற பவளத்தின் எலும்புக்கூடு. ஒவ்வொரு ஓட்டையும் பாலிப் என்ற சின்னஞ்சிறு உயிரின் வீடு. கடல்நீரில் கரைந்திருப்பதை எடுத்துச் சுண்ணாம்பாக்கித் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறது. அதன் உடம்புக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் அவை தயாரிக்கும் உணவுதான் பவளத்துக்குப் பெரும்பங்குச் சாப்பாடு. அதனால்தான் ஆழமில்லாத, தெளிந்த, இளஞ்சூடான கடல் வேண்டும். சூடு அளவுக்கு மீறினால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும். 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவில் அப்படி வெளுத்து நிறையப் பவளம் செத்தது.

(தாலியில் கோர்க்கும் சிவப்புப் பவளம் வேறு. அது பாறை கட்டாத இனம்.)

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். அவற்றைச் சுற்றித்தான் நம் பவளப்பாறைகள். 1986லேயே கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் தூத்துக்குடிப் பக்கம் பல வருடங்கள் பவளத்தைப் பெயர்த்து, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் விற்றார்கள். 2001ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் சேர்ந்தது. 2004 சுனாமிக்குப் பிறகுதான், அலையைத் தடுக்கும் சுவர் அது என்று பலருக்கும் உறைத்தது. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன.

இங்கேதான் என் பாடம் ஞாபகம் வந்தது. அந்தச் சுண்ணாம்பு வியாபாரத்துக்குக் கணக்கு எழுதினால் படகுச் செலவு இருக்கும், கூலி இருக்கும். கச்சாப்பொருள் என்ற இடத்தில் பூஜ்யம்! மீன் குஞ்சு வளரும் இடம் போனதும், தீவு போனதும் எந்தப் பக்கத்திலும் ஏறாது. ஏட்டில் லாபம்தான். உண்மையில் அவர்கள் தின்றது வட்டியை இல்லை, முதலை.

திருப்பிக் கட்ட முடியாதா? தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் 2002லிருந்து முயல்கிறது. உயிருள்ள பவளத் துண்டுகளைச் சிமெண்ட் பலகையில் கட்டிக் கடலடியில் வைக்கிறார்கள். மான்கொம்பு வகை நல்ல இடத்தில் வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரும். உருண்டை வகை ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். தறியில் ஒவ்வோர் இழையாக ஏறுகிற புடவையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த வேகம் புரிகிறது. நெய்ய நாளாகும், கிழிக்க நிமிஷம் போதும்.

கல்லூரி நண்பன் ஒருவன், "நெட்ல போடுடா, நல்ல காசு" என்றான். பவளம் விற்பது குற்றம் என்றேன். வனத்துறையிடம் கொடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "தாத்தா கையால வாங்கிட்டு வந்ததுடா" என்றார். அதற்கு மேல் பேச முடியவில்லை. தாத்தா ஆசையாகத்தான் வாங்கினார். அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

இன்னும் முடிவாகவில்லை. சித்தப்பா பையனுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டேன். "ஓட்டை இல்லடா, வீடு. குடியிருந்தவங்க செத்துட்டாங்க." அவன் அதற்கப்புறம் அதைக் கல் என்று சொல்வதில்லை.

உங்கள் வீட்டு ஷோகேஸையும் ஒரு தடவை பாருங்களேன்.