தவணை முறையில் வெளிச்சம்

பவள வியாபாரம் என்றால் பளபளக்கும் கண்ணாடித் தொட்டிகள் இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். சிங்கப்பூரில் பாசிர் ரிஸ் பக்கம், மீன் பண்ணைகள் இருக்கும் வட்டாரத்தில், தகரக் கூரைக்குக் கீழே இடுப்புயரத்தில், ஆழமில்லாத நீளத் தொட்டிகள். கூடம் முழுக்க நீல வெளிச்சம். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே அரைகுறையாகத்தான் கேட்கிறது. வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டங்களின் துளைகளில் சுண்டுவிரல் நீளப் பவளத் துண்டுகள் வரிசையாகச் செருகப்பட்டிருந்தன. சில வரிசைகளுக்கு மேல் கொசுவலை கட்டியிருந்தார்கள்.

“அது கொசுவுக்கு இல்லண்ணே, வெளிச்சத்துக்கு” என்று சிரித்தார் அங்கே வேலை செய்யும் தம்பி. மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருகிறவர். தவுக்கே (முதலாளி) சீனர்; விற்பனை, கணக்கு அவர் பொறுப்பு. வந்திறங்கும் பவளம் பிழைப்பதும் சாவதும் இவர் கையில்.

பெரும்பாலானவை இந்தோனேசியக் கடலில் சிமெண்ட் வில்லைகளில் ஒட்டி வளர்க்கப்பட்டவை. அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்த அனுமதிச் சீட்டோடு விமானத்தில் வருகின்றன. வெப்பமண்டலக் கடல் வெயிலில் வளர்ந்த உயிரை இந்த எல்.இ.டி. விளக்கு என்ன செய்துவிடப் போகிறது? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் ஏற்றுமதியாளரின் தொட்டியில் சில நாள் மங்கல், பெட்டிக்குள் முழு இருட்டு என்று வருவதற்குள் பவளம் நிழலுக்குப் பழகிவிடுகிறது. அதன் சதைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன, ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சத்துக்கு மேல்கூட. பவளத்தின் சாப்பாட்டில் பெரும்பங்கு அவை சமைத்துப் போடுவதுதான். வெளிச்சம் குறைந்தால் பாசிகள் பச்சையத்தைக் கூட்டிக்கொள்கின்றன. அந்த நிலையில் திடீரென்று பலத்த வெளிச்சம் விழுந்தால், வாங்கிய ஆற்றலைச் செலவழிக்க வழியில்லாமல் திசுவை அரிக்கும் ஆக்சிஜன் வகைகள் உருவாகின்றன. பவளம் பாசிகளை வெளியே தள்ளிவிடுகிறது. சோறு போடுகிறவரை விரட்டியபின் எத்தனை நாள் தாங்கும்?

அதனால்தான் கொசுவலை. முதலில் மூன்று அடுக்கு. சில நாளுக்கு ஒருமுறை ஓர் அடுக்கை உருவுகிறார். அதோடு விளக்கையும் பாதி வலுவில் தொடங்கி வாரக் கணக்கில் ஏற்றுகிறார். தேதியும் அளவும் சட்டத்தின் ஓரத்தில் மார்க்கர் பேனாவில். “எங்கம்மா செம்பனை நாத்தங்கால்ல வேல செஞ்சாங்க. கன்னுக்கு மேல வலையைக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் எடுப்பாங்க, அப்புறந்தான் வெயிலுக்குக் கொண்டுபோவாங்க. இதுவும் அதேதாண்ணே.”

நீல வெளிச்சம் நம் கண்ணை ஏமாற்றக்கூடியது. எனக்கு மங்கலாகத் தெரிந்த ஒரு மூலையில் தம்பி ஒளி அளக்கும் மீட்டரின் உணரியைத் தண்ணீருக்குள் விட்டார். 310 மைக்ரோமோல் என்று காட்டியது. நமக்குப் பச்சையும் மஞ்சளும்தான் பிரகாசமாகப் படும். பாசிக்கோ நீலம்தான் முக்கியத் தீனி. பழைய மெட்டல் ஹேலைடு, குழல் விளக்குகளிலிருந்து எல்.இ.டி.க்கு மாறியபோது பலர் பவளத்தைப் பொசுக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். காளான் பவளங்களுக்கு 50 முதல் 100 போதும். கிளை விரிக்கும் அக்ரோபோராவுக்கு 200க்கு மேல் வேண்டும், அதுவும் படிப்படியாக.

ஓர் அக்ரோபோராத் துண்டைத் தண்ணீருக்குள்ளேயே திருப்பிக் காட்டினார். நுனியில் வெள்ளை இருந்தால் சந்தோஷம், வளர்கிறது. விளக்கைப் பார்த்த பக்கம் மட்டும் வெளிறினால் வெளிச்சம் மிஞ்சிவிட்டது. அடியிலிருந்து சதை உரிந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தால் அது வேறு நோய், அங்கே விளக்கைக் குறைத்துப் பயனில்லை. மூன்றும் எனக்கு ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தன. மிஞ்சிய வெளிச்சத்தின் பலன் பெரும்பாலும் அன்றே தெரிவதில்லை. நாலைந்து நாள் கழித்து வெளிறும்போது, எந்த மாற்றம் காரணம் என்று கண்டுபிடிக்க அந்த மார்க்கர் குறிப்புதான் துணை.

விளக்கைத் தொடாமலேயே வெளிச்சத்தைக் கூட்டிவிட முடியும் என்பது எனக்குப் புதுச்செய்தி. நாள்பட்ட தண்ணீர் லேசாக மஞ்சள் பூத்து நீலத்தை வடிகட்டுகிறது. ஒருமுறை இங்கே ஒரு தொட்டியில் அந்த மஞ்சளை உறிஞ்சும் கரியை நிறைய, மொத்தமாகப் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் ஒரே நாளில் பளிங்காகிவிட்டது. அந்த வாரமே மேல்தட்டு முழுக்க வெளிறியதாம். அதிலிருந்து கரியும் தவணை முறையில்தான்.

இந்தப் பொறுமைக்கு விலை கிடையாது. மங்கலில் பவளம் பழுப்பேறிக் கிடக்கும். வாடிக்கையாளருக்கு ஊதாவும் இளஞ்சிவப்பும் வேண்டும். சீக்கிரம் நிறமேற்றச் சொல்லித் தவுக்கேயிடமிருந்து நெருக்கடி. மூன்று வாரம் தொட்டியில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் துண்டு அவருக்கு நஷ்டக் கணக்கு. என்னைக் கேட்டால், இத்தொழிலில் கூலி குறைவாக மதிப்பிடப்படுவது இந்தக் காத்திருப்புக்குத்தான்.

பவளம் வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் விலைக்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: இது எத்தனை மைக்ரோமோலில் இருந்தது? வீட்டில் அதற்கும் குறைவான இடத்தில் வைத்து, மூன்று நான்கு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் சிறைக்குரிய குற்றம். யாராவது ரகசியமாக எடுத்துவந்து காட்டினால், வாங்காதீர்கள்.