எந்த மாசத்து மழை?

முத்துசுவாமி தீட்சிதர் சாத்தூரிலிருந்து எட்டயபுரத்துக்கு வந்தது எந்த மாசம்? இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கதையை மட்டும் எல்லாரும் சொல்கிறார்கள். வரும் வழியில் பூமி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, ஜனங்களும் ஆடுமாடுகளும் தண்ணீருக்குத் தவித்தார்கள், மனம் பொறுக்காமல் அவர் அமிர்தவர்ஷிணி ராகத்தில் ‘ஆனந்தாமிர்தகர்ஷிணி’ என்ற கீர்த்தனையைப் பாடினார், மழை கொட்டியது. கச்சேரி மேடையில் அந்தப் பாட்டைத் தொடங்குமுன் இந்தக் கதையைச் சொல்லாத வித்வான்கள் குறைவு. சொல்லட்டும். கரிசல்காட்டுக்காரனுக்கு அதோடு போதாது. எங்கள் மண்ணில் மழை பெய்தது என்றால் அடுத்த கேள்வி எந்த மாசம் என்பதுதான்.

எங்கள் ஊர் இடைசெவல். கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற வழியில் இருக்கிறது. இங்கே புரட்டாசியில் விதைப்பு. அந்த மாசத்தில் இரண்டு நல்ல மழை விழுந்து ஐப்பசி கார்த்திகையும் கைகொடுத்தால் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து எல்லாம் தேறிவிடும். பருத்தி வெடித்து நிற்கிற மாசி பங்குனியில் மழை வந்தால் அதே மழை சத்துரு. வெள்ளைப் பஞ்சு கறை பிடித்துப் பழுத்துப் போகும், வியாபாரி விரலால் நீவிப் பார்த்துவிட்டு விலையைப் பாதியாக்குவான். சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தால் உழவு போடலாம். ஆக, தீட்சிதர் பாடி வரவழைத்த மழை வரமா வம்பா என்பது மாசத்தைப் பொறுத்தது.

இந்த விவகாரம் அமெரிக்காவுக்குப் போகிற விமானத்தில் எங்களுக்குள் கிளம்பியது. நாங்கள் மூன்று பேர், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அதில் ஒருவருடைய மகள் வயிற்றுப் பேத்தி கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனையில் நடக்கும் பாட்டுப் போட்டியில் பாடப் போகிறாள் என்று சேதி வந்தது. “மாப்ள, பிள்ள பாடுதா. மேடைக்கு முன்னால நம்ம ஊரு மொகம் நாலு இருக்கணும்லா” என்றார். மறுக்கவே தோன்றவில்லை. சின்ன வயசிலிருந்து எங்களுக்கு அதுதானே பழக்கம். எங்கேயாவது நல்ல நாயனம் என்றால் கூட ஆள் சேர்த்துக்கொண்டு போவோம். நடந்து போனோம், வண்டி கட்டிப் போனோம், லாரியின் பருத்திப் பொதிமேல் உட்கார்ந்து போனோம். இப்போது விமானம்.

கிளீவ்லாந்து ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறது. 1978இல் அங்கே குடியேறிய சில தமிழ்க் குடும்பங்கள் தியாகராஜருக்கு ஆராதனை எடுத்தன. இன்றைக்கு அது இந்தியாவுக்கு வெளியே நடக்கும் கர்நாடக சங்கீத விழாக்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஈஸ்டரை ஒட்டி நடக்கும். அமெரிக்கா, கனடா எங்கிருந்தும் பிள்ளைகள் போட்டிக்கு வருகிறார்கள். அப்பா கார் ஓட்ட, அம்மா பின்சீட்டில் வர்ணம் கேட்டுத் திருத்த, தாத்தா பாட்டி தயிர்சாத டப்பாவோடு உட்கார்ந்திருக்க, ராத்திரியெல்லாம் பயணம் செய்து வந்து இறங்குகிற குடும்பங்களைப் பார்த்தேன். பாடப்போவது ஒரு பிள்ளை, வந்து இறங்கியது முழு வீடு.

கூட வருகிறவர்களுக்கும் சங்கீதத்தில் ஒரு பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேல்ஸ் நாட்டில் லாங்கோலன் என்று ஒரு சின்ன ஊர், ஆற்றங்கரையில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் ஓய்ந்த கையோடு 1947இல் அந்த ஊர்க்காரர்கள் ஒரு சர்வதேச இசைப் போட்டி நடத்தினார்கள். பிரான்சில் ரயில் வேலைநிறுத்தம். ஹங்கேரியிலிருந்து கிளம்பிய தொழிலாளர் பாட்டுக் குழு ஒன்று, வழியில் போகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறி ஏறி அங்கே போய்ச் சேர்ந்தது. வந்தவர்களை உள்ளூர் ஜனங்கள் தங்கள் வீட்டிலேயே தங்க வைத்தார்கள். 1955இல் அதே போட்டிக்கு இத்தாலியின் மொடெனா நகரத்திலிருந்து ஒரு ஆண்கள் குழு வந்து முதல் பரிசு வாங்கியது. குழுவில் ரொட்டி சுடுகிற ஒரு அப்பாவும் அவருடைய பத்தொன்பது வயசு மகனும் இருந்தார்கள். அந்த மகன்தான் லூசியானோ பவரொட்டி. அந்தப் பரிசுதான் தன்னைப் பாடகனாக்கியது என்று அவர் பின்னால் பலமுறை சொன்னார். நாற்பது வருஷம் கழித்து 1995இல் அதே ஊருக்குத் திரும்பி வந்து பாடவும் செய்தார். அப்பாவும் ஊர்க்காரர்களும் சுற்றி நிற்கப் பாடிய குரல் அது. தனியாளாக அனுப்பியிருந்தால் அன்றைக்கு அந்தக் குரல் அப்படித் திறந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

எங்கள் ஊருக்கு இது நன்றாகவே புரியும். இடைசெவலில் ஒரே தெருக்காற்றைச் சுவாசித்து வளர்ந்த இரண்டு பேர், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும், எழுத்துக்கு வருவதற்கு முன்னால் சங்கீதத்தில்தான் கிறுக்காக இருந்தார்கள். விளாத்திகுளம் சுவாமிகள் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் பாடிக்கொண்டே போக, இந்த இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள். கோவில்பட்டியில் காருகுறிச்சி அருணாசலம் இருந்தார். ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாயனம் போட்டியிட்டதை நாடே கேட்டது, எங்கள் பக்கத்துக்காரர்கள் அதைக் கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் கேட்டார்கள். 1964இல் அவர் செத்தபோது நாங்கள் அரைக்கால் சட்டைப் பையன்கள். பெரியவர்கள் அழுததைப் பார்த்து எங்களுக்கும் அழுகை வந்தது. கு. அழகிரிசாமி 1952இல் மலேயாவுக்குப் போய் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்தார். பிரிவிலும் நண்பர்களுக்குள் கடிதம் ஓடிக்கொண்டிருந்தது. கேட்ட பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு ஆள் இருந்தால்தான் கேட்டது முழுசாகிறது, கடல் தாண்டினாலும்.

தீட்சிதர் எட்டயபுரத்துக்கு வந்ததும் சொந்தத்தை நாடித்தான். தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அங்கே அரண்மனை வித்வான், தம்பி கல்யாணத்துக்காக அண்ணன் வந்தார் என்பார்கள். சென்னையில் வெள்ளைக்காரர்கள் வாசித்த வயலினைக் கற்று, அதைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர் இந்தப் பாலுசுவாமி. சீமையிலிருந்து கப்பலில் வந்த வாத்தியம் அவரோடு எங்கள் கரிசல் சமஸ்தானத்துக்கும் வந்து சேர்ந்தது. அண்ணன் 1835இல் தீபாவளி அன்று எட்டயபுரத்திலேயே காலமானார். அட்டக்குளத்துப் பக்கம் அவருடைய சமாதி இருக்கிறது. அந்த வம்சத்தில் வந்த சுப்பராம தீட்சிதர், கிறிஸ்தவரான சின்னசாமி முதலியார் வற்புறுத்தி, ராஜா பணம் கொடுத்து உதவ, 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை எட்டயபுரத்து வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில் அச்சிட்டார். எழுத்து தெலுங்கு. கமகம் ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி. சின்னசாமி முதலியார் கண்பார்வை மங்கும் அளவுக்கு இந்த சங்கீதத்தை எழுதிவைக்கப் பாடுபட்டவர், புஸ்தகம் வந்த கதையில் அவர் பெயரை மறக்கக் கூடாது. கோவில்பட்டிக்குப் போகிற பஸ்ஸில் இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் ஆச்சரியப்படுகிறார்கள். பாரதி பிறந்த ஊர் என்று மட்டும்தான் எட்டயபுரத்தை அவர்களுக்குத் தெரியும்.

கிளீவ்லாந்தில் பல்கலைக்கழகக் கட்டடத்துத் தாழ்வாரத்தில் பேத்தி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கையில் போன், அதில் தம்புரா. பட்டுப் பாவாடை, அதற்குமேல் குளிருக்கு முரட்டு ஸ்வெட்டர். இடது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் எடுத்திருந்தது அமிர்தவர்ஷிணி. ரிஷபமும் தைவதமும் இல்லாத ராகம், ஐந்தே சுரம். காந்தாரத்திலிருந்து பிரதி மத்திமத்துக்குத் தாவும்போது ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக்கி மூடினாள். அந்த மத்திமம் ஒரு நூல் இறங்கினாலும் ராகம் வேறு வாசலுக்குப் போய்விடும். எங்களைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வேறு வேறு சுருதியில் முணுமுணுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி பழுப்பாக உருகி ஓடிக்கொண்டிருந்தது. என் நண்பர் மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பேத்தி உள்ளே போய்ப் பாடி முடித்து வரும்வரை துண்டு அங்கேயே இருந்தது.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: “தாத்தா, பாட்டு நிஜமாவே மழைய வரவச்சுச்சா?”

மூன்று பேருக்கும் மூன்று பதில். நண்பர், வந்தது என்றார். எங்களோடு வந்த இன்னொருவர், பாடாவிட்டாலும் வந்திருக்கும், பாடினதால ஞாபகம் இருக்கு என்றார். நான் கதையின் மறுபாதியைச் சொன்னேன். மழை நிற்காமல் கொட்டி வெள்ளமாக ஓடவே, தீட்சிதர் மறுபடியும் பாடி மழையை நிறுத்தினார் என்று ஒரு வழக்கு உண்டு. கச்சேரியில் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நான் அதைத்தான் நம்புகிறேன். ஏனென்றால் அதில் கரிசல் மண் இருக்கிறது. காய்ந்த கரிசல் வெடிப்பில் குழந்தையின் கை உள்ளே போகும், அவ்வளவு ஆழம். அதே மண் நனைந்தால் காலை விடாது. முதல் எட்டில் பாதத்தில் அப்பும், நாலாவது எட்டில் கால் கனக்கும், பத்தாவது எட்டில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும். வண்டிச் சக்கரத்தில் மண் உருண்டு உருண்டு ஏறி, ஆரக்கால் தெரியாமல் மூடிவிடும். மாடு நின்றுவிடும். அறுபது வயசு மனிதர், தம்பியைப் பார்க்கப் போகிறவர், சாத்தூருக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவில் அந்தச் சேற்றில் சிக்கினால் மழை நிற்கட்டும் என்று பாடாமல் என்ன செய்வார்? தஞ்சாவூர் வண்டல் மண்ணில் இருந்துகொண்டு இந்தக் கதையைக் கட்டியிருக்க முடியாது. எங்கள் பக்கம் மழையில் நடந்த யாரோதான் அந்த மறுபாதியைச் சேர்த்திருக்க வேண்டும், அல்லது அது நடந்திருக்க வேண்டும்.

மாசத்தை மட்டும் எங்களால் தீர்க்க முடியவில்லை. நண்பர் புரட்டாசி என்று அடித்துச் சொன்னார், மழை பிந்திப்போன புரட்டாசி, விதையைக் கையில் வைத்துக்கொண்டு ஊரே வானத்தைப் பார்க்கிற புரட்டாசி. நான் சித்திரை என்றேன், வெடிப்பு அவ்வளவு ஆழமாக இருந்தால் சித்திரைதான். பேத்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த ரோடு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, தார் போட்டிருக்கிறார்கள், இரண்டு பக்கமும் கருவேல மரம் என்றேன். பார்க்க வருவேன் என்றாள். அவளுக்கு என்ன பரிசு கிடைத்தது என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். அவளுக்கு அந்த ரோடு கிடைத்தது என்று சொன்னேன். கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அடுத்த தடவைக்கு அவள் தாத்தா ஒரு தமிழ்ப் பாட்டைப் பிடித்திருக்கிறார். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து. அதுவும் இந்த வெயிலில் பிறந்த பாட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர் வீட்டுத் திண்ணையிலிருந்து போனில் சொல்லிக்கொடுக்கிறார், அவளுக்கு அங்கே சனிக்கிழமை ராத்திரி. மெட்டு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வரிகளில் சில இடம் இடறுகிறது, இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறோம். கு. அழகிரிசாமி காவடிச்சிந்தைப் பதிப்பித்திருக்கிறார். அந்தப் பதிப்பில் ஒரு பிரதிக்காகக் கோவில்பட்டியில் பழைய புஸ்தகம் வைத்திருக்கிறவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.