திரைக்கு ஒரு குடை

இறக்கக்கண்டியில் உறவினரான பெரியவர் ஒருவரின் வீட்டில் நாம் தங்கியிருந்தபோது, ஓர் இரவு அவருடைய படகில் கடலுக்குச் சென்றோம். அவருக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. முன்பு கரையிலுள்ள பனைகளைக் குறிவைத்து வழி கண்டவர், தூரப்பார்வை மங்கிவிட்டதால், மலிவான கைத்தொலைபேசி ஒன்றின் வரைபடத்தையே நம்பியிருந்தார்.

இரவில் அத்திரை அகல்விளக்குப்போல் உதவியது. காலையில்தான் தொல்லை. கீழைக்கடலிலிருந்து கரை திரும்பும் படகு மேற்கு நோக்கியல்லவா வருகிறது? முதுகுப்புறம் எழுந்த சூரியன் திரைமீது நேரே அடித்தது. களப்பின் முகத்துவாரத்தை நெருங்கும் வேளையில் வரைபடம் மறைந்து, வெறும் வானமே அதில் தெரிந்தது!

"இனிப் பெடியன்தான் படகோட்ட வேணும், தம்பி" என்றார் பெரியவர். அக்குரல் எம்மை வருத்தியது.

மகன் திரையின் பிரகாசத்தை முழுவதும் கூட்டினான். சிறிது நேரத்தில் கருவி சூடேறி, தானாகவே மங்கிவிட்டது. வெயிலோடு போட்டியிடலாமா? விளக்கேற்றிய அறையில் சில நூறு லக்ஸ் ஒளிதான். உச்சிவெயிலிலோ ஏறக்குறைய 100,000 லக்ஸ். கண்ணாடியின் மேற்பரப்பு அதில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பியனுப்பினாலும் போதும், சித்திரம் மூழ்கிவிடும்.

2007ஆம் ஆண்டில் ஏழைச் சிறுவருக்கென வெளிவந்த மலிவுக் கணினியில், மேரி லூ ஜெப்சன் என்ற அம்மையார் வேறொரு வழி கண்டார். அவர் அமைத்த திரை சூரிய ஒளியையே துணையாகக் கொண்டு, எழுத்துக்களைக் கறுப்பு வெள்ளையில் காட்டியது. அத்தகைய திரைக்கு நாம் எங்கே போவது?

ஆயினும் ஒன்றைக் கவனித்தோம். பெரியவரின் தலைநிழல் விழுந்த இடத்தில் மட்டும் வரைபடக் கோடுகள் தெரிந்தன. வீடு திரும்பியதும் பழைய சப்பாத்துப் பெட்டி ஒன்றின் உட்புறத்தில் கறுப்புத் துணி ஒட்டி, திரைக்குக் கூடாரம் அமைத்தோம். காற்றோட்டத்துக்குப் பின்புறத்தில் துளையிட்டோம். வானம் பிரதிபலிக்காதவாறு திரையைச் சற்றே கவிழ்த்து வைத்தோம். ஒளியைச் சிதறடித்த உப்புப் படிவை நன்னீர்த் துணியால் துடைத்தோம். வரைபடத்தையும் வெண்பின்னணியில் கருங்கோடுகளாக மாற்றினோம். செலவென்று சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாட் காலையில் பெரியவரே படகைக் கரைசேர்த்தார்.

"திரைக்கு வைத்தியம் பார்த்தாயிற்று, இனிக் கண்ணுக்கும் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டோம்.

"வாற கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றார், சிரித்துக்கொண்டே.