செனாயில் ஒரு செனாப்பாங் ஆங்கின் தேடினால்…

செனாயில் இறங்கும் விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கடைசிச் சில நிமிடங்கள் கீழே செம்பனைதான். கோடு போட்டு நட்டது போல் வரிசை வரிசையாக, ஓடுபாதையை ஒட்டி வரும்வரை. 1974இல் இந்த விமான நிலையம் திறந்தபோது சுற்றிலும் பால்மரமும் பனையுமாகத்தான் இருந்தது. இன்று அதே மண்ணில் தொழிற்சாலைகள், கிடங்குகள், வீடமைப்புப் பகுதிகள். டெசாரு கடற்கரைக்குப் போகும் விரைவுச்சாலை இங்கிருந்துதான் கிளம்புகிறது. வார இறுதியில் சிங்கப்பூர் எண் பலகை போட்ட கார்கள் இண்டாபுராவின் பிரீமியம் அவுட்லெட்ஸ் பக்கம் வரிசை கட்டுகின்றன. காலணி, கைப்பை, கடிகாரம், எது வேண்டுமானாலும் வாங்கலாம்.

ஒன்றை மட்டும் அப்படி வாங்க முடியாது. ஸ்பிரிங்கில் இயங்கும் காற்றுத் துப்பாக்கி. மலாயில் செனாப்பாங் ஆங்கின். ஊர்ப் பெயருக்கும் அதற்கும் ஒலியில் மட்டும்தான் உறவு.

இதை ஏன் இப்போது பேச வேண்டும் என்றால், தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பலருக்கு இதில் ஆசை வந்திருக்கிறது. யூடியூப்பில் ஓர் இங்கிலாந்துக்காரர் தன் வீட்டுத் தோட்டத்தில் தகர டப்பாக்களை அடுக்கி வைத்து, தேநீர் குடித்துக்கொண்டே சுடுகிறார். பார்க்க அமைதியான பொழுதுபோக்கு. “ஆன்லைன்ல விக்கிறாங்களேண்ணே, ஆயிரம் வெள்ளிகூட இல்லையே” என்ற கேள்வி அடுத்ததாக வருகிறது.

அந்த இங்கிலாந்துக்காரருக்குப் பொருந்துவது உங்களுக்குப் பொருந்தாது. அங்கே ஏறத்தாழ 16 ஜூல் ஆற்றல் வரையுள்ள காற்று ரைபிளைப் பெரியவர்கள் உரிமமின்றி வைத்துக்கொள்ளலாம். அதே பிரிட்டனின் ஸ்காட்லாந்தில்கூட 2016 இறுதியிலிருந்து சான்றிதழ் கேட்கிறார்கள். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஆயுதம் எது என்று சொல்லும் இடத்திலேயே காற்றுத் துப்பாக்கியையும் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டது. ஈயக்குண்டு டப்பாவும் தோட்டாக் கணக்கில்தான் வரும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். “இது வெறும் பொம்மை சார்” என்று தப்பிக்கவும் வழியில்லை. போலி ஆயுதத்துக்கே 1 ஆண்டு வரை சிறை, 5,000 ரிங்கிட் வரை அபராதம் என்று தனிப் பிரிவு இருக்கிறது. பார்சல் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதால் அது சட்டப்படி வந்தது என்று ஆகிவிடாது. வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத பையன், ஒரு கிளிக்கில் குற்றப் பதிவு வாங்கிக்கொள்வதைவிட வீண் செலவு வேறில்லை.

இவ்வளவு கடுமை ஏன் என்று கேட்பவர்கள் செனாய் புதுக்கிராமத்தின் குறுக்குச் சந்துகளில் ஒரு நடை போய் வரலாம். அவசரகாலம் 1948 ஜூனில் தொடங்கியது. அனுமதியில்லாத துப்பாக்கியோடு பிடிபட்டால் தூக்கு என்று விதி வந்தது. 1950இல் பிரிக்ஸ் திட்டப்படி காட்டோரத்தில் சிதறிக் கிடந்த குடும்பங்களை முள்வேலிக்குள் குடியேற்றும் வேலை முதலில் ஜொகூரில்தான் ஆரம்பமானது. செனாய், கூலாய்ப் பகுதிச் சீனக் குடும்பங்கள் புதுக்கிராமங்களுக்குப் போயின. நம்மவர்கள் தோட்டத்து லயங்களிலேயே வேலிக்குள் அடைபட்டார்கள். அரிசிகூட அளந்துதான் கிடைத்தது. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. ஆயுதச் சட்டத்தின் பெயரிலும் அதே ஆண்டுதான் நிற்கிறது. துப்பாக்கி என்ற சொல்லை இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் இன்றும் சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்வதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அப்போது வாய்த்தது கவட்டை. மலாய் நண்பர்களுக்கு லாஸ்டிக். கொய்யாக் கிளையும் சைக்கிள் டியூப்பும் போதும். அதிலும் அணிலையும் குருவியையும் குறிவைத்த காலம் போய்விட்டது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிடுவது நல்லது. நாம் பேசுவது காகித இலக்கைச் சுடும் விளையாட்டு.

அப்படியானால் ஆசைப்பட்டவருக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அது கடையில் தொடங்காமல் மன்றத்தில் தொடங்குகிறது. தேசியத் துப்பாக்கி சுடும் சங்கத்தோடு இணைந்த மன்றங்களில் சேர்ந்து, அவர்களுடைய துப்பாக்கியில், அவர்களுடைய தளத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கச் சுட்டுப் பழகலாம். சுபாங்கில் உள்ள தேசியச் சுடுதளத்தில்தான் 2017 சீ விளையாட்டின் துப்பாக்கிப் போட்டிகள் நடந்தன. லங்காவியில் 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டிய தளம் இருக்கிறது. செனாயிலிருந்து சுபாங் 300 கிலோமீட்டருக்கு மேல். மாதம் ஒருமுறை போய் வருவதே பெரிய விஷயம். ஆகவே முதலில் ஜொகூரிலேயே எந்த மன்றம் புது உறுப்பினர் சேர்க்கிறது என்று விசாரியுங்கள். சொந்தத் துப்பாக்கி பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கான உரிமம் கொடுப்பது மாநிலக் காவல்துறைத் தலைவரின் அதிகாரம். ஏன் வேண்டும், எங்கே சுடப் போகிறீர்கள் என்ற கேள்விகளுக்கு, மன்ற உறுப்பினராக ஓராண்டு ஒழுங்காக வந்துபோனவர் சொல்லும் பதிலுக்குத் தனி மதிப்பு உண்டு.

அந்த ஓராண்டில் மன்றத்தில் ஸ்பிரிங் ரைபிள் ஒன்று கையில் கிடைத்தால் விடாதீர்கள். இன்றைய போட்டியாளர்கள் அதைத் தொடுவதில்லை. உருளையில் அடைத்த அழுத்தக் காற்றில் இயங்கும் ரைபிள்களுக்கு மாறி வெகுகாலம் ஆயிற்று. ஆனால் கற்றுக்கொடுப்பதில் ஸ்பிரிங்குக்கு ஈடு இல்லை என்பது என் கட்சி.

அதன் இயக்கம் எளிமையானது. குழலை மடக்கும்போது உள்ளே பிஸ்டன் பின்னால் போய், பலமான ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு கொக்கியில் நிற்கிறது. விசையை இழுத்தால் பிஸ்டன் முன்னால் பாய்ந்து, எதிரில் உள்ள காற்றை ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் நசுக்குகிறது. அந்தக் காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது புரிந்துவிடும். சிக்கல் அடுத்தது. கனமான பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால் உதைக்கிறது. இத்தனையும் நடந்துகொண்டிருக்கையில் குண்டு இன்னும் குழலுக்குள்ளேயே இருக்கிறது! நீங்கள் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் உதை ஒவ்வொரு மாதிரி திரும்பும். குண்டும் அதன்படி சிதறும். பூனைக்குட்டியைத் தாங்குவது போல முன்கையைத் திறந்து வைத்து, துப்பாக்கி தன் இஷ்டத்துக்கு உதைத்துக்கொள்ள இடம் கொடுக்க வேண்டும். மூச்சு, தோள், விரல் மூன்றும் அடங்கினால்தான் இது வசப்படும். சாதாரண டெலஸ்கோப்பை இதில் மாட்டினால் இந்த இரட்டை உதையில் உள்ளே கண்ணாடி கழன்றுவிடும். ஸ்பிரிங் துப்பாக்கிக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் இரும்புக் குறியே போதும்.

தேர்வு என்று வரும்போது எல்லோரும் முதலில் கேட்பது வேகம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அதைத்தான் அச்சடிக்கிறார்கள். அதைப் பார்க்காதீர்கள். 10 மீட்டர் போட்டி ரைபிளின் ஆற்றல் ஏறத்தாழ 7.5 ஜூல்தான், குண்டு நொடிக்கு 170 மீட்டர் போல் போகிறது. காகிதத்தில் ஓட்டை போட அது தாராளம். ஒலியின் வேகத்தை நெருங்கும் மாக்னம் வகைகளில் உதையும் அதிகம், மடக்கவும் முதுகு வலிக்கும், குண்டு தடுமாறவும் செய்யும். 4.5 மில்லிமீட்டர் குழல், மிதமான ஸ்பிரிங், 3 முதல் 4 கிலோ எடை. முதல் துப்பாக்கிக்கு இவ்வளவு போதும். ஜெர்மனியில் ராஷ்டாட் நகரத்தில் 1890இல் தொடங்கிய டயானாவின் 34, வைராவுக் நிறுவனத்தின் மடக்குக் குழல் வகைகள் ஆகியவை பல தலைமுறை உழைப்பவை என்று பெயர் வாங்கியவை. குழல் அசையாமல் கீழே நெம்புகோல் உள்ள வகை இன்னும் துல்லியமானது, கனமானது, விலையும் கூட. மன்றத்தின் பழைய அலமாரியில் ஃபைன்வெர்க்பாவ் 300 இருந்தால் கும்பிட்டுவிட்டு எடுங்கள். சுடும்போது அதன் மேல்பகுதி மொத்தமும் தண்டவாளத்தில் போல் பின்னால் நழுவி உதையை விழுங்கிவிடும். 1960, 70களின் போட்டித் தளங்களில் ஸ்பிரிங் எட்டிய உச்சம் அது. ஏர் ரைபிள் 1984இல் ஒலிம்பிக்கில் நுழைந்த காலத்தில் ஸ்பிரிங் ஓய்வுபெறத் தொடங்கியிருந்தது.

மடக்கும்போது ஒரு எச்சரிக்கை. குண்டு வைத்து முடிக்கும்வரை குழலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டே இருங்கள். கொக்கி தவறினால் குழல் படாரென்று மூடும். விரல் நடுவில் இருந்தால் போச்சு. குண்டில்லாமல் சும்மா சுடவும் கூடாது, காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் முட்டி உடையும். கண்ட எண்ணெயை உள்ளே ஊற்றினால் அழுத்தச் சூட்டில் அது டீசல் எஞ்சினைப் போல் வெடிக்கும். வெளிப்பக்கம் மட்டும், ஒவ்வொரு முறையும், எண்ணெய்த் துணியால் துடைக்கலாம். ஜொகூர் மழைக்காற்றில் வியர்வைக் கைரேகை பட்ட இடம் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும்.

நம்மவர்கள் விழக்கூடிய இன்னொரு குழி இந்தியப் பயணம். அங்கே 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்று ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. அடையாள அட்டையைக் காட்டி வாங்கிவிடலாம். தீபாவளிக்கு ஊருக்குப் போன மாப்பிள்ளை, சென்னையில் மச்சான் ஆசையாக வாங்கிக் கொடுத்ததைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தால், அங்கே பரிசாக இருந்தது இங்கே தரையிறங்கியதும் உரிமமில்லா ஆயுதம். வெறும் குண்டு டப்பாவும் அப்படியே. அதைக் காரில் மறந்துவிட்டுக் கடல்பாலம் தாண்டி சிங்கப்பூர் போவதும் அதே வகை வம்பு; அங்கேயும் காற்றுத் துப்பாக்கி உரிமத்துக்கு உட்பட்டதுதான்.

வம்பெல்லாம் இருந்தும் இந்த விளையாட்டைப் பரிந்துரைக்கிறேன். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிள் தங்கம் வென்றார். நம் நூர் சுர்யானி தைபி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பத்தோடு இதே போட்டியில் நின்று சுட்டு 34ஆம் இடம் பிடித்தார். உயரமோ உடல் பலமோ வயதோ பெரிதாகக் கேட்காத விளையாட்டு. அப்பாவும் மகளும் பக்கத்துப் பக்கத்துப் பாதையில் நின்று சுடலாம். பெரும்பாலும் மகள்தான் ஜெயிப்பாள். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த புள்ளி அளவு.

அந்தப் புள்ளியை அடைய விலை உயர்ந்த துப்பாக்கியைவிடக் குண்டுதான் அதிகம் உதவும். இதைப் பலர் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள். 10 மீட்டர் காகிதத்துக்குத் தட்டைத் தலைக் குண்டு. ஓட்டை வட்டமாக, சுத்தமாக விழும், புள்ளி எண்ண எளிது. அதற்கு மேல் தூரம் என்றால் உருண்டைத் தலை. கூர்முனை பார்க்க அழகு, அவ்வளவுதான். எஃகு உருண்டை கூடவே கூடாது. குழலின் உள்வரிகளைக் கெடுக்கும், பட்ட இடத்திலிருந்து திரும்பித் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி எப்போதுமே வேண்டும். எடை 7 முதல் 8.5 கிரெய்ன், அதாவது அரை கிராம் சுற்றளவில் இருக்கட்டும். மிக லேசானது பிஸ்டனை மோதவிடும், மிகக் கனமானது அதைத் துள்ளவிடும். குண்டு ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். சிறுவர்களுக்கு இதில் சலுகையே கிடையாது.

எந்தக் குண்டு என்பதை எந்த நிபுணரும் சொல்ல முடியாது. உங்கள் குழல்தான் சொல்லும். ஒரே மாடலில் அடுத்தடுத்து வந்த இரண்டு துப்பாக்கிகளுக்கே ருசி வேறாக இருக்கும். மன்றத்தில் நான்கைந்து பேரிடம் இருக்கும் ஆர்டபிள்யூஎஸ், எச் அண்ட் என், ஜேஎஸ்பி டப்பாக்களிலிருந்து பத்துப் பத்துக் குண்டு பயிற்சியாளர் வழியாகக் கேட்டு வாங்குங்கள். தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று டப்பாவில் போட்டிருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியை மெத்தைமேல் தாங்கி, ஒவ்வொரு வகைக்கும் ஒரு புதுக் காகிதம் மாட்டி, பத்தும் சுடுங்கள். நடுவில் விழுந்ததா என்று பார்க்காமல் எது நெருக்கமாக விழுந்தது என்று மட்டும் பாருங்கள். குறியைப் பிறகு திருப்பிக்கொள்ளலாம். எந்தக் காகிதத்தில் பத்து ஓட்டையும் ஒரு பத்துக் காசுக்குள் அடங்குகிறதோ அந்த டப்பாவின் தொகுதி எண்ணை எழுதிவைத்து, அதே எண்ணில் இன்னும் நான்கு டப்பா மன்றத்தின் மூலம் சொல்லிவையுங்கள்.