முறை வரும் வரை

கர்நாடகத்தின் ஹனூரைச் சுற்றிப் பல வீடுகளில் பேச்சு தமிழ், பள்ளியில் பாடம் கன்னடம். 1956 வரை கோவை மாவட்டத்தோடு இருந்த பகுதி இது. அதனால் ‘கவனமே இல்லைங்க’ என்று ஒரு பிள்ளையை அழைத்து வந்தால், காது சரியாகக் கேட்கிறதா, பாட மொழி புரிகிறதா என்று முதலில் பார்க்கிறேன். காதில் சந்தேகம் இருந்தால் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது. பாடம் புரியாத பிள்ளை ஜன்னலைப் பார்ப்பது நோயல்ல. கவனச் சிதறல் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீட்டிலும் பள்ளியிலும் 6 மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் மருத்துவர்கள் கவனக் குறைபாடு என்று யோசிப்பார்கள்.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நான் தருவது விளையாட்டுச் சிகிச்சை. அதில் பிள்ளை வழிகாட்ட வேண்டும், நாம் பின்னால் போக வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது என்று உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-இல் எழுதினார். முதல் சில அமர்வுகளில் நானும் அப்படித்தான். பிள்ளைகள் ஒரு பொம்மையை எடுத்து, அது முடியுமுன் இன்னொன்றுக்குத் தாவுவார்கள். நான் தடுப்பதில்லை, நடப்பதை வாய்விட்டுச் சொல்கிறேன்: “லாரிய விட்டுட்டுப் பந்துகிட்டப் போறே.” நாளடைவில் பிள்ளையே முந்திக்கொண்டு, “இப்பப் பந்து எடுக்கப் போறேன்” என்று சொல்லும். நினைப்புக்கும் செயலுக்கும் நடுவே விழுகிற அந்த ஒரு நொடி இடைவெளிக்காகத்தான் இத்தனை பாடும்.

அதன் பிறகு பல்லாங்குழி. இங்கே கன்னடத்தில் அதன் பெயர் அளகுளி மணெ. 14 குழியும் ஆரம்பத்தில் வேண்டாம். ஆளுக்கு மூன்று போதும். ஒரு குழியைத் தாண்டிப் போட்டால் ஆட்டமே தவறிவிடும். திருத்த நான் தேவையில்லை. கஷ்டமானது எதிராளி ஆடும் நேரம். ‘சும்மா இரு’ என்றால் இந்தப் பிள்ளைகளால் முடியாது. எதிராளி போடும் புளியங்கொட்டையைச் சத்தமாக எண்ணச் சொல்வேன். காத்திருப்பதே ஒரு வேலையாகிவிட்டால் கை தானாக மடியில் கிடக்கும். பிறகு மனத்துக்குள் எண்ணச் சொல்வேன். பிறகுதான் குழிகளைக் கூட்டுவது.

“வெளையாட வெக்கவாங்க பஸ் ஏறி வந்தோம்?” என்று மார்ட்டள்ளிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அவரையே பலகையின் எதிர்ப்பக்கம் உட்கார வைத்தேன். மைசூர் மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் தம் ‘ஸ்ரீதத்வநிதி’யில் விளையாட்டுகளுக்கென்றே ‘கௌதுகநிதி’ என்று ஒரு பகுதி ஒதுக்கினார். அவருடைய மைசூருக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, பரீட்சை வந்தால் பலகையைப் பரணில் ஏற்றுகிறோம்.

ஆனால் விளையாட்டு மட்டும் கவனக் குறைபாட்டைக் குணமாக்காது. மருந்துக்கும் பெற்றோர் பயிற்சிக்கும் இருக்கும் அளவு ஆய்வு ஆதாரம் விளையாட்டுச் சிகிச்சைக்கு இன்னும் இல்லை. 6 வயதுக்குக் கீழே முதல் சிகிச்சையே பெற்றோர் பயிற்சிதான். மருத்துவர் மாத்திரை எழுதினால் விளையாட்டைக் காட்டி நிறுத்தாதீர்கள்.

தினமும் கால் மணி நேரம் போனை ஒதுக்கிவிட்டுப் பிள்ளை சொல்லும் விளையாட்டை ஆடுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் 14416-ஐ அழையுங்கள், அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம்.