முற்றத்தில் ஒரு பாடம்

அகமதாபாத் பழைய நகரின் 'போள்' சந்துகளில் வெயில் தரையைத் தொடுவதே அபூர்வம். நெருக்கியடித்து நிற்கும் மர வீடுகள் ஒவ்வொன்றின் நடுவிலும் திறந்த முற்றம். சூடான காற்று அதன் வழியே மேலேறி வெளியேறும். சில முற்றங்களுக்கு அடியில் மழைநீர் சேரும் 'டாங்கா'.

பி.வி. தோஷி 1962-ல் தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளி, இன்றைய செப்ட் பல்கலைக்கழகம், சபர்மதியின் மறுகரையில் இருக்கிறது. உள்ளரங்க வடிவமைப்பு மாணவர்களுக்கு இந்த வீடுகளைவிடச் சிறந்த பாடநூல் கிடைக்காது.

ஆனால், பக்கங்கள் கிழிந்து வருகின்றன. 2017-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகர அந்தஸ்து கிடைத்தும், பராமரிக்க வசதியில்லாத சிலர் வீட்டைப் பிரித்து விற்கிறார்கள். செதுக்கிய தூண்கள் பழம்பொருள் கடை வழியே யார் வீட்டு வரவேற்பறைக்கோ அலங்காரமாகப் போகின்றன. முற்றம் போவதில்லை.

சில ஹவேலிகள் மட்டும் விருந்தினர் விடுதிகளாக மீண்டிருக்கின்றன. தூணை விற்காமல் வீட்டைப் பிழைக்கவைக்கத் தெரிந்த மாணவர்களுக்கு வேலை இங்கேயே இருக்கிறது.